பால் என்றால் ரப்பர்

முதல் ஜெர்மன் சண்டைக் காலத்தில் நான் இலங்கையில், பதுளைச் சர்க்கார் கச்சேரியில் துபாஷியாக இருந்தேன். வயது இருபத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. மூன்று பாஷை தெரியும், ஆகவே எல்லாம் தெரியும் என்று எண்ணம்.

சண்டை வந்ததும் ரப்பருக்கு மவுசு கூடியது. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு துண்டுகூடக் கப்பலேறக் கூடாது என்று உத்தரவு. அந்தச் சமயம் பார்த்துப் பெயர் போடாத ஒரு மொட்டைப் பெட்டிசம் வந்தது. கடைவீதியில் மிளகும் ஏலமும் வாங்கி அக்கரைக்கு, இந்தியாவுக்கு, அனுப்பும் ஒரு கம்பெனி, மூட்டைக்குள் ரப்பரை ஒளித்து அனுப்புகிறதாம். விசாரணை எங்கள் துரையிடம் வந்தது. அந்தக் கம்பெனிக்கு வரும் தபாலைப் பிரித்துப் படிக்கும் வேலை என்னிடம் வந்தது.

இரண்டாம் நாளே சிக்கியது ஒரு கடிதம். இராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து, கம்பெனிக் கணக்கப்பிள்ளை பெயருக்கு வந்திருந்தது. எழுதியவர் பெயர் இல்லை.

‘மச்சானுக்கு ஸலாம். பால் நின்றுவிட்டது. டின்னில் வருவதை அனுப்பினால்தான் சின்னது தாங்கும். மாமிக்குத் தெரிய வேண்டாம். தாமதம் வேண்டாம்.’

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பசறை, லுணுகலைத் தோட்டங்களில் பால் என்றால் ரப்பர்தானே! மரத்தை வெட்டுவதைக்கூடப் பால்வெட்டு என்றுதானே சொல்கிறார்கள்! சின்னது என்றால் தோணி. மச்சான் என்றால் கூட்டாளி. மாமி? கொஞ்சம் யோசித்தேன். சந்தேகமென்ன, சர்க்கார்தான். துரைக்கு இதை விளக்கியபோது அவர் எழுந்து என் கையைக் குலுக்கினார். கடிதத்தைக் கொடுக்காமல் வைத்திருக்கலாம், அவர்கள் இன்னும் எழுதுவார்கள் என்று யோசனை சொன்னதும் நான்தான். மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். வேறு கடிதம் எதுவும் வரவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கிடங்கைச் சோதனை போட்டோம். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதைதான், எலிகூட அகப்படவில்லை. மிளகு மூட்டையில் மிளகு, ஏல மூட்டையில் ஏலம். மிளகுத் தூசியில் துரை தும்மிய தும்மலில் தொப்பி மூன்று முறை கீழே விழுந்தது. சிரித்த கூலிக்காரர்களைப் பார்த்து எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டேன். வற்றலான ஆள், அதிகம் பேசாதவர். எல்லார் முன்னாலும் கடிதத்தை எடுத்து, நாடகக்காரன்போல ராகம் போட்டு வாசித்தேன்.

அவர் முகம் வெளுத்தது. மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன்.

“இந்தக் கடுதாசி எப்ப வந்துச்சுங்க?”

“கேள்வி கேக்கிறது நாங்க.”

“எப்ப வந்துச்சுங்க ஐயா?”

“மூணு வாரமாச்சு.”

அவர் அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். “என் பொஞ்சாதி ஆளவச்சு எழுதினதுங்க. பொம்பள பேரத் தபால்ல போடமாட்டோம். புள்ளைக்கு ரெண்டு மாசம். தாய்ப்பாலு நின்னுபோச்சாம். டின்பால எங்கம்மா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க. அதான் தெரிய வேணாம்னு எழுதச் சொல்லியிருக்கா.”

“என்ன சொல்கிறான்?” என்றார் துரை இங்கிலீஷில்.

அத்தனை நாளும் துள்ளிக்கொண்டு வந்த பாஷை அப்போது வரவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். துரை என்னை ஒரு பார்வை பார்த்தார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

டின்பாலை அக்கரைக்கு அனுப்பவும் அனுமதி வேண்டும் என்பது எங்கள் சட்டம்! துரை அங்கேயே கல்லாப் பெட்டிமேல் தாளை வைத்து அனுமதி எழுதினார். கம்பெனி முதலாளி ஒரு டசின் டின்பால் வாங்கிக் கொடுத்தார். பார்சலை நானே வண்டி பிடித்துப் பண்டாரவளை ரயிலுக்குக் கொண்டுபோனேன்; அப்போது ரயில் அதுவரைதான். கம்பெனிமேல் குற்றமில்லை என்ற அறிக்கையையும் நானே எழுதினேன். ஆனால் சோறு இறங்கவில்லை. கண்ணால் காணாத ஒரு பிள்ளை மூன்று வாரம் எதைக் குடித்திருக்கும்?

தபாலைப் பிரிக்கும் உத்தரவு இன்னும் நீங்கவில்லை, பதில் கடிதமும் என் மேசைக்குத்தான் வந்தது. பிரிக்கவில்லை. கச்சேரி மேட்டிலிருந்து கடைவீதிவரை ஓடினேன்.

கணக்கப்பிள்ளை நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார்.

“பக்கத்து வீட்டு ஆட்டுப்பாலுல புள்ள தப்பிச்சிருச்சாம். டின்னு சேந்துருச்சாம். எங்கம்மாதான் இப்பக் கரைச்சுக் குடுக்கிறாங்களாம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுக்கடையில் நின்று அழுதேன். “இனிமே உங்க கடுதாசியப் பிரிக்கவே மாட்டேன் அண்ணே” என்றேன்.

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

“பிரிச்சுப் பாருங்க ஐயா, அது உங்க உத்தியோகம். பாத்த அன்னைக்கே குடுத்துருங்க.”