மேஸ்திரி கடித்த சோபா

என் அக்காவைப் பற்றி நடுநிலையாகச் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. நான் அவள் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா சோபா தைப்பவள். மாமா மரச்சட்டம் அடிப்பார், அக்கா ஃபோம் வைத்துத் துணியை இழுத்துப் போர்த்துவாள், நான் கூடமாட ஒத்தாசை. வீட்டு முன்னறைதான் பட்டறை. அக்கா கை பட்ட சோபாவில் எங்கே கிழிந்திருந்தது என்று கிழித்தவனாலேயே கண்டுபிடிக்க முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். அவள் வருவதைப் பார்த்தாலே துணிக்கடைக்காரர் நல்ல துணியை முன்னால் எடுத்து வைத்துவிடுவார்.

மேஸ்திரி எங்கள் வீட்டு நாய். பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு சோபாவின் அடிப்பக்கத்தைப் பிரித்தபோது உள்ளே கிடந்த குட்டி. வளர்ந்த பிறகு பட்டறை நடுவில் படுத்துக்கொண்டு எங்கள் வேலையையெல்லாம் ஒற்றைக் கண்ணால் மேற்பார்வை பார்க்கும். தன் பங்குக்கு ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாது. அதனால் அந்தப் பெயர். பிள்ளை இல்லாத வீட்டில் நாய்க்குச் செல்லம் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், வேலைக்குப் போய் நன்றாகவே இருக்கிறார்கள். அவளுக்கு அந்த நாயைப் பிடிக்கும், அவ்வளவுதான்.

பல் முளைத்த காலத்தில் அது எங்கள் சொந்த சோபாவின் வலது கையைக் குதறியது. அக்கா தைத்தாள், மறுபடி குதறியது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டு விட்டுவிட்டாள். பிறகு அந்த ஓட்டைக்குள் மூக்கைச் செருகிக்கொண்டுதான் தூங்கும். போன மாதம், சிறுநீரகம் கெட்டு, அக்கா மடியில் செத்தது. அதிலிருந்து வேலை முடிந்ததும் அக்கா அந்த ஓட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே அதன் பல் தடமும் முடியும் இருந்தன.

அப்போதுதான் ஒரு ஹோட்டல் மேனேஜர் எங்கள் வேலையைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். ஹோட்டல் முழுக்க இருக்கைகள் தைக்கும் வேலை. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"உள்ள வந்ததும் அவர் கண்ணுல படுறது இந்த ஓட்டைதான். சோபா தைக்கிறவங்க வீட்டுலயே கிழிஞ்ச சோபாவா? மானம் போயிடும்."

"போகட்டும்," என்றாள் அக்கா.

மேனேஜர் வரும் நாளன்று காலையில் நானும் அக்காவும் நூல் வாங்கப் போய்விட்டுத் திரும்பினோம். சோபாவின் கை புத்தம்புதிதாக இருந்தது. மாமா இத்தனை வருடமும் அக்கா தைப்பதைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார். தையல் அத்தனை நேர். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

"பழசு எங்க?" என்றாள் அக்கா.

"குப்பைத் தொட்டியில. கோவப்படாத, நம்ம நல்லதுக்குத்தான்..."

அவர் முடிப்பதற்குள் அக்கா தெருவில் இருந்தாள். தொட்டியைக் கவிழ்த்து, முட்டை ஓட்டுக்கும் ஈரக் காகிதத்துக்கும் நடுவிலிருந்து ஃபோமையும் துணியையும் பொறுக்கினாள். எதிர்வீட்டுக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அக்கா பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார்.

வந்து மாமாவின் தையலைப் பிரித்தாள். பழைய ஃபோமைப் பொருத்தி, பழைய துணியைப் போர்த்தி, கிழிசல் மேலும் பிரியாதபடி அதன் விளிம்பில் பொடித் தையல் போட்டாள். ஓட்டை ஓட்டையாகவே இருந்தது. அவள் அவ்வளவு கவனமாகத் தைத்து நான் பார்த்ததில்லை.

பாதி வேலையில் மேனேஜர் வந்து நின்றார். "என்னம்மா, கிழிசலை மூடாம அதைச் சுத்தித் தைக்கிறீங்க?"

"இது எங்க மேஸ்திரி கடிச்சது சார். எங்க நாய். போன மாசம் செத்துப்போச்சு. உங்க இருக்கையெல்லாம் நீங்க சொல்றபடி தைச்சுத் தரேன். இது இப்படித்தான் இருக்கும்."

அவர் மற்ற சோபாக்களைத் தடவிப் பார்த்தார். வேலை பிடித்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. கிளம்பும்போது மாமாவிடம், "நாளைக்கு எங்க முதலாளி வருவார். இதை மட்டும் ஒரு போர்வை போட்டு மூடி வைங்க," என்றார்.

"மூட மாட்டேன்," என்றாள் அக்கா.

"யோசிச்சுச் சொல்லுங்க. சாயங்காலம் போன் பண்றேன்."

அவர் போனதும் மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "ஒரே ஒரு நாள். ஒரு போர்வை. என்ன குறைஞ்சு போயிடும்?"

"வீட்டுக்கு யார் வந்தாலும் மேஸ்திரிய நான் ஒரு நாளாவது கட்டிப்போட்டிருக்கேனா? உயிரோட இருந்தப்பவே மறைச்சு வைக்கல. செத்தப்புறமா மறைச்சு வைக்கப்போறேன்?"

சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே மிச்சத்தையும் தைத்தாள். மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் போன் வந்தது. மாமாதான் எடுத்தார். "இல்ல சார், மூடுறதா இல்ல," என்று சொல்லி வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் பட்டறையைப் பெருக்க ஆரம்பித்தார்.