விழுங்க மறுத்த தொண்டை

முதலில் அது ஒரு இடியப்பத் துணுக்கு. காலையில் வாயில் வைத்ததை மகள் தர்ஷினி மத்தியானம் பாடசாலையால் வரும்போதும் கன்னத்துக்குள் அடக்கி வைத்திருந்தாள். ஏன் விழுங்கவில்லை என்று கேட்டேன். தொண்டை பூட்டியிருக்கிறது என்றாள். அவளுக்கு எட்டு வயது. அவளுடைய அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சுவிஸில் ஓல்டன் நகரில் இருந்தோம். இவருக்கு, என் கணவருக்கு, பொதிகள் ஏற்றும் கிடங்கில் வேலை. எனக்கு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில், வாயில் சோறு இருக்கும்போதே சத்தமில்லாமல் சரிந்தார். மாரடைப்பு (இதயத்துக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுவது) என்று மருத்துவர்கள் எனக்குச் சொன்னார்கள். பிள்ளைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பா கடவுளிடம் போய்விட்டார் என்பதே போதும் என்று நினைத்தோம்.

இடியப்பத்துக்குப் பிறகு பாண் (கோதுமை ரொட்டி) நின்றது. பிறகு கஞ்சி. பிறகு பால். கடைசியில் தன் எச்சிலைக்கூட விழுங்காமல் கைலேஞ்சியில் துப்பினாள். நான் அவள்முன் முழங்காலில் நின்று கெஞ்சினேன். அவளும் அழுதாள். ஆனால் தொண்டை திறக்கவில்லை.

பாசலில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அகநோக்கி (கமரா பூட்டிய குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது) விட்டுப் பார்த்தார்கள். கதிர்ப்படங்கள் எடுத்தார்கள். கட்டி இல்லை, புண் இல்லை, அடைப்பு இல்லை. ஒவ்வொரு முடிவும் நல்ல முடிவாக வரவர நான் இடிந்துபோனேன். கட்டி இருந்தால் வெட்டி எடுப்பார்களே என்று மனம் அடித்துக்கொண்டது. இதை வாசிக்கும் சிலருக்கு அந்த நினைப்பு புரியும்.

அவளைப் பார்த்துவந்த பெண் மருத்துவரிடம் எனக்குத் தெரிந்த ஜேர்மனில் கேட்டேன்: "ஒண்டும் இல்லையெண்டால் ஏன் என்ரை பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறாள்?"

விழுங்கல் அச்சம் (உறுப்பில் குறை இல்லாமலே உடம்பு விழுங்கப் பயப்படுவது) என்றார். துக்கம் சில பிள்ளைகளுக்கு இப்படியும் வரும் என்றார். மூக்குவழிக் குழாய் (மூக்கால் வயிறுவரை உணவு செலுத்தும் மெல்லிய குழாய்) போட்டார்கள். அவள் விலா எலும்புகளைப் பார்க்காமல் சட்டை மாற்றப் பழகினேன்.

கோடை தொடங்க, மலையிலுள்ள ஒரு சிறுவர் சுகநிலையத்துக்கு அனுப்பினார்கள். ஞாயிறுகளில் ரயிலேறிப் போவேன். குழாயோடு படுத்திருப்பாள். திரும்பும் வழியெல்லாம் இவளையும் புதைக்கப் போகிறேன் என்றுதான் மனதில் ஓடும்.

அவளுடைய அறையில் ரெகுலா என்றொரு சுவிஸ் பிள்ளை இருந்தாள். பத்து வயது. நீரிழிவு (இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் நிற்காத நோய்). தாய் இல்லாதவள். விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆகவேண்டிய பிள்ளை, சாப்பிட முடியாத என் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவாள். "நீயும் சாப்பிடு" என்று ஒருநாளும் சொன்னதில்லையாம். பிறகு, இவள் மூக்கில் குழாயோடேயே, இரண்டு பேரும் காட்டுக்குள் போவார்கள், ஓடையில் கால் வைப்பார்கள், பாசியில் படுத்துக் கிடப்பார்கள். ஒருநாள் ரெகுலா ஓடைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடிக்க, இவளும் அள்ளினாளாம். பனி உருகிய தண்ணீர். அந்தக் குளிரில் தான் விழுங்குவது தெரியுமுன்னே அது உள்ளே இறங்கிவிட்டது.

ஓகஸ்டில் ஒரு ஞாயிறு, தாதி காட்டுப்பக்கம் கையைக் காட்டினார். சரிவில் புதர்களுக்கு நடுவே இருவரும் இருந்தார்கள். காட்டு நீலப்பழம் பழுத்திருந்தது. தர்ஷினி என்னைக் கண்டு வாயைத் திறந்தாள். நாக்கு கறுநீலமாக இருந்தது.

"விழுங்கினியோ?"

"ஓம். ரெண்டு பழம்."

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அவள் கிட்ட வந்து, "அம்மா, அப்பாக்குக் கடைசியா நான்தான் ஊட்டிவிட்டனான். அது அடைச்சுத்தானே அப்பா செத்தவர்?" என்றாள்.

இத்தனை மாதமும் இதைத்தான் தொண்டைக்குள் வைத்திருந்திருக்கிறாள்.

"இல்லையம்மா. அப்பாவின்ரை இதயம் வேலை செய்யாமல் நிண்டுபோச்சு. டொக்டர் எனக்குச் சொன்னவர். நீ ஊட்டினதாலை இல்லை."

"ரெகுலாவும் நான் ஊட்டினதாலை இருக்காது எண்டவள். அம்மாட்டைக் கேள் எண்டவள்."

தன் தாய் எப்படி இறந்தாள் என்று சொல்லிவிட்டு, உன் அப்பா எப்படி இறந்தார் என்று ரெகுலா கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வியை நாங்கள் யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அடுத்த நாளே ஒன்றும் இறங்கவில்லை. குழாயைக் கழற்றியபோது மலையில் பனி விழத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு வந்தபிறகும் சில நாட்களில் தொண்டை பூட்டும். அப்போது நாங்கள் காத்திருப்போம். ஒரு வாய் சோறு எவ்வளவு நேரம் எடுக்குமோ அதுதான் எங்கள் வீட்டில் நேரம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த நீலப்பழ ஞாயிறு திரும்பும் ரயிலில் என் வயிற்றுக்குள் ஏதோ பிடித்து இழுத்தது. எனக்கும் ஏதோ நோய் என்று பயந்து, கையால் அமத்திக்கொண்டு இருந்தேன். இரண்டு தரிப்பிடம் தாண்டிய பிறகுதான் விளங்கியது, அது பசி. இவர் போனபிறகு முதல் தடவையாக எனக்குப் பசித்தது. முன்னால் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.