அரை மூச்சு முன்னால்

ஸ்வர்ணா அதிகம் பேசமாட்டாள். பெங்களூர் அடுகோடியில் ஒரு ரத்தப் பரிசோதனை மையத்தின் முன்மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரைக் கேட்டு, குப்பியில் சீட்டு ஒட்டி உள்ளே அனுப்புவது அவள் வேலை. பெயர், வயது, வெறும் வயிறா, சாப்பிட்டுவிட்டு வந்தீர்களா. கன்னடம் பேசுகிறவர்களிடம் கன்னடம், தமிழ் பேசுகிறவர்களிடம் தமிழ். அதற்கு மேல் எந்த மொழியிலும் அவளுக்கு யாரிடமும் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை.

வேண்டும் என்று அவள் நினைத்தது ஒன்றுதான். பத்துப் பேர் ஆடுகிற இடத்தில், ஆடுகிறவர்களின் கால் தடுமாறாமல், ஒரு பாட்டை இன்னொரு பாட்டுக்குள் கொண்டுபோய் விடவேண்டும். அத்தை மகள் பார்கவியின் கல்யாணத்தில்தான் அதை முதன்முதலாகப் பக்கத்தில் நின்று பார்த்தாள். டி.ஜே. போட்டவர் கிளெமென்ட். தொம்மலூரில் சவுண்டு செட்டு வைத்திருப்பவர். சாப்பிடக்கூடப் போகாமல் மேஜையோரம் நின்ற பெண்ணை அவர் கவனித்துவிட்டார்.

"கடைசிப் பந்தி ஓடுது பாப்பா. போய் சாப்பிடு. பாட்டு எங்கயும் ஓடிப்போவாது."

"பாத்துக்கிட்டு இருக்கேண்ணா."

"பாக்குறதுக்கு இதுல என்னா இருக்குது? காதுதான் வேல செய்யுது." பிறகு என்ன தோன்றியதோ, அவரே சொன்னார்: "இப்பல்லாம் மஞ்ச பூசுற ஹல்தி, சீமந்தம்னு லேடீஸ் மட்டும் ஆடுற ஃபங்ஷனுக்குப் பொண்ணு டி.ஜே. கேக்குறாங்க. என்கிட்ட ஆளு இல்ல. கத்துக்கினு வா, பாக்கலாம்."

'பாக்கலாம்' என்பது பெங்களூரில் யாரும் யாருக்கும் சொல்கிற சொல். ஸ்வர்ணா அதை நம்பினாள்.

ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு ஐடி பையனிடமிருந்து பழைய மிக்ஸர் ஒன்றை வாங்கினாள். இரண்டு பக்கமும் சுழலும் தட்டுகள், நடுவே ஏற்றி இறக்கும் கட்டை. அதை மாட்டப் பழைய லேப்டாப் வீட்டிலேயே இருந்தது. பேட்டரி செத்து, சார்ஜரில் மட்டும் ஓடுவது. ஹெட்போனும் இருந்தது. ஸ்பீக்கர்தான் இல்லை.

ஸ்பீக்கரைப் பற்றி அவள் பார்க்காத வீடியோ இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். பெரிய பெட்டி வேண்டாம், சின்ன ஜோடியாக வாங்கு. பாட்டை அழகாக்கிக் காட்டுவது வேண்டாம், உள்ளது உள்ளபடி காட்டுவது போதும். காது உயரத்துக்கு வை. சுவரிலிருந்து தள்ளி வை. இதைக் கேட்டபோது மட்டும் ஸ்வர்ணாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் வீட்டில் பீரோ, கேஸ் சிலிண்டர், அப்பாவின் தலையணை என்று எல்லாமே ஏதோ ஒரு சுவரில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன.

எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு அம்மா எல்லம்மாவும் வந்தாள். பாதிப் பணம் அம்மாவுடையது. ஆகவே முழுப் பேச்சும் அவளுடையது. கடைக்காரர் முதலில் சின்ன ஜோடி ஒன்றை மாட்டிப் பாட வைத்தார். ஸ்வர்ணா சிறுவயது முதல் கேட்ட பாட்டு அது. அதில் தாளம் தட்டியவனின் விரல் தோலில் உரசுகிற சத்தம் இருந்தது என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"இத்துனூண்டு இருக்குது. இதுக்கா இவ்ளோ சொல்றாரு?" என்றாள் எல்லம்மா.

"இது சரியா காட்டும்மா."

"காட்டுறதுக்கு இன்னா கண்ணாடியா? அத்தப் பாரு."

அம்மா காட்டியது ஒரு டிராலி ஸ்பீக்கர். இடுப்பு உயரம், அடியில் சக்கரம், முகத்தில் கலர் லைட்டு, பக்கவாட்டில் மைக். "வெள்ளிக்கிழம மாரியம்மனுக்குப் போடலாம். தெருவுல யாரு வூட்டுல விசேஷம்னாலும் உருட்டிக்கினு போவலாம். வூட்டுக்குன்னு ஒண்ணு வாங்கினா எல்லாத்துக்கும் ஆவணும்டீ."

"அம்மா சொல்றது கரெக்ட்மா," என்றார் கடைக்கார பாய். "ஜோடி நக்கோ, வேணாம். இது ஒண்ணு போட்டா தெரு, கல்லி முழுசும் ஆடும்."

சின்ன ஜோடியின் பக்கம் ஸ்வர்ணா இன்னொரு முறை பார்த்தாள். டிராலி ஆட்டோவில் அவர்கள் காலடியில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தது.

வீட்டில் வயரைச் சொருகியதும் பாட்டுக்கு முன்னால் ஒரு ரீங்காரம் வந்தது. பாட்டு வந்த பிறகும் அது போகவில்லை. அப்பா எத்திராஜ் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கார்களுக்கு டிங்கரிங் செய்கிறவர். சத்தம் அவருக்குப் புதிதல்ல.

"இன்னாம்மா, உள்ள வண்டு பூந்துக்கிச்சா?" என்று குனிந்து பார்த்தவர், பிளக்கைப் பிடுங்கி மாற்றிச் சொருகிவிட்டு நிமிர்ந்தார். "எர்த் இல்ல. மண்ணுக்குப் போற வயரே இந்த வூட்டுக்கு இழுக்கல. லேப்டாப் சார்ஜர்லர்ந்து வருது இரைச்சல்."

எர்த் வயர் இழுத்துத் தருவீர்களா என்று மாடியில் இருந்த வீட்டுக்கார லட்சுமம்மாவிடம் ஸ்வர்ணா போய்க் கேட்டாள். "ஏனம்மா ஸ்வர்ணா, இத்தன வருஷா ஆயித்து, யார்க்காவது ஷாக் அடிச்சிருக்கா? பாட்டு கேக்கோக்கே வயரிங் எல்லா சேஞ்ச் மாடோக்கே ஆகல்ல," என்றாள் அவள். முடியாது என்பதை இவ்வளவு அன்பாகச் சொல்ல லட்சுமம்மாவால்தான் ஆகும்.

மறுபடி எஸ்.பி. ரோடு. பாய் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பாவைக் கையில் வைத்தார். மிக்ஸரின் ஒலி வெளியே வரும் ஓட்டையில் இதைச் சொருகினால், புளூடூத்தில் ஸ்பீக்கருக்குப் போய்விடும். "வயர் இருந்தாதானேம்மா இரைச்சல்?"

இரைச்சல் நின்றுவிட்டது. அன்று மாலை எத்திராஜ் மைக்கைப் பிடித்துப் பழைய பாட்டு ஒன்றைப் பாட, எல்லம்மா, "பட்டறைலயே பாடு, அங்கதான் யாருக்கும் காது கேக்காது," என்றாள். வீடே சிரித்தது. நல்லதைத்தான் வாங்கியிருக்கிறோம் என்று ஸ்வர்ணாவும் நினைத்தாள்.

விஷயம் இதுதான். அந்தத் தீப்பெட்டி டப்பா பாட்டை வாங்கி, காற்றில் அனுப்பி, ஸ்பீக்கர் அதைப் பிடித்து வெளியே விடுவதற்குள் ஒரு கணம் போய்விடுகிறது. பாட்டு மட்டும் கேட்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பாட்டோடு பாட்டை ஒட்டுகிறவளுக்கு அதுதான் எல்லாம். அறையில் கேட்கும் அடி, மிக்ஸரில் ஏற்கெனவே அடித்து முடிந்த அடி. அதைக் கேட்டு அடுத்த பாட்டை விட்டால், அது பின்தங்கித்தான் விழும். வீடியோவில் பேசியவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை. அவர்கள் வீடுகளில் எர்த் இருந்தது.

முதலில் எல்லாமே பிசகியது. தப்பு தன்னிடம்தான் என்று ஸ்வர்ணா முடிவு செய்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் முடிவு செய்வாள். வேலை முடிந்து வந்து, அம்மா வருவதற்குள் கிடைக்கும் நேரத்திலெல்லாம் நின்றாள். வாரக்கணக்கில் தடுமாறிய பிறகு ஒருநாள் கைக்குப் பிடிபட்டது. அடி காதில் விழும்வரை காத்திருக்கக் கூடாது. அரை மூச்சு முன்னால் பட்டனை அழுத்திவிட வேண்டும். அழுத்தினால் இரண்டு பாட்டும் ஒரு ஜோடிச் செருப்புபோலச் சேர்ந்து நடந்தன. இதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம் போலிருக்கிறது என்று நினைத்தாள். மேஜையில் சீட்டு ஒட்டும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் அவள் விரல் அரை மூச்சு முன்னால் தட்டிப் பழகியது. எண்ணாமலே தட்டியது. வாழ்க்கையில் ஒன்றை இவ்வளவு நன்றாக அவள் கற்றதில்லை.

போனை ஸ்பீக்கர் எதிரே வைத்துப் பதிவு செய்து கிளெமென்டுக்கு அனுப்பினாள். அவர் கேட்டது அறையில் கேட்ட அதே ஒலி. அதில் பிசகே இல்லை.

"யாருகிட்டமா கத்துக்கின?" என்று போன் வந்தது.

"நானேதாண்ணா."

"ஞாயித்துக்கிழம மத்தியானம் கோடவுனுக்கு வா. என்னோட செட்டுல ஒருவாட்டி போடு. சரியா இருந்தா அடுத்த சீமந்தமே உனுக்குத்தான். ஓசூர்லர்ந்து ஒரு பொண்ணும் வருது. ரெண்டு பேருல ஒருத்தர எடுத்துக்கறேன்."

கோடவுனில் ஆளுயரப் பெட்டிகள் இரண்டு பக்கமும் நின்றன. தடித்த வயர்கள் தரையில் ஓடின. சவுண்டு பார்க்கும் ஓஸ்வால்ட் ஒரு பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தார். தானாகவே தாளம் சேர்த்துவிடும் பட்டன்மேல் கிளெமென்ட் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். "கல்யாணத்துல கேக்குற பழைய பாட்டுல்லாம் ஆளு ஒக்காந்து அடிச்சது. முன்ன பின்ன போவும். மெஷின் சேக்காது, கைதான் சேக்கணும். போடும்மா."

முதல் பாட்டு கிளம்பியது. பெட்டிகளிலிருந்து வந்த அடி ஸ்வர்ணாவின் நெஞ்சில் மோதியது. எஸ்.பி. ரோட்டில் அந்தச் சின்ன ஜோடியில் கேட்டதுபோல ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெளிவாக இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இடம் வந்ததும், கை தன் வழக்கப்படி, அரை மூச்சு முன்னால் அழுத்தியது.

இரண்டாவது பாட்டு முதல் பாட்டின் முதுகில் ஏறி விழுந்தது. தடதடதட என்று அடிகள் ஒன்றையொன்று மிதித்தன.

"ரேஸ் கோர்ஸ்ல இருக்க வேண்டிய குதிர இங்க இன்னா பண்ணுது?" என்றார் ஓஸ்வால்ட் பெட்டிமேலிருந்து.

"சும்மா இருப்பா," என்றார் கிளெமென்ட். "பயப்படாதம்மா. இன்னொரு வாட்டி."

இன்னொரு வாட்டியும் குதிரை ஓடியது. மூன்றாவது தடவை, கையை வேண்டுமென்றே பிடித்து நிறுத்தி, அடியைக் கேட்டு அழுத்தினாள். பிடித்து நிறுத்திய கை ரொம்பவே பிந்தியது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இங்கே அடி அடிக்கும்போதே கேட்கிறது. வீட்டில் அப்படிக் கேட்டதில்லை. இத்தனை நாள் கற்றது பாட்டை அல்ல, அந்த டப்பாவின் தாமதத்தை.

"அண்ணா, வீட்டுல புளூடூத்துலதான் பழகினேன். அதுல சவுண்டு லேட்டா வருதுண்ணா. அதனால கை முன்னாடியே..."

"புளூடூத்தா!" ஓஸ்வால்டுக்குப் புரையேறிவிட்டது. "அண்ணே, கேட்டியா? புளூடூத்துல டி.ஜே.!"

கிளெமென்ட் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் ஸ்வர்ணாவுக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும். "புரியுதும்மா. ஆனா ஆடுறவங்ககிட்ட நான் அத சொல்ல முடியாது இல்ல? கை முந்துது உனுக்கு. வீட்டுல நல்லா ப்ராக்டிஸ் பண்ணு. ஆறு மாசம் கழிச்சு பாக்கலாம்."

"சரிண்ணா."

வீட்டில் ப்ராக்டிஸ் பண்ணப் பண்ணத்தான் கை முந்தும் என்பதை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வாசலில் ஓசூர்ப் பெண் காத்திருந்தாள். ஸ்வர்ணா தெருமுனை திரும்புவதற்குள் உள்ளேயிருந்து பாட்டு கிளம்பியது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அது எப்போது மாறியது என்று நடந்தபடியே கேட்டாள். தெரியவில்லை.

எல்லம்மாவிடம், "சொல்லி அனுப்புறேன்னாரு," என்று மட்டும் சொன்னாள். எல்லம்மா அதை நம்பி, பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டாள்.

சின்ன ஜோடியை இப்போது வாங்க வழியில்லை. வாங்கினாலும் வயரில் அந்த இரைச்சல் வரும். டிராலியைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. வெள்ளிக்கிழமைகளில் அது மாரியம்மன் வாசலில் நிற்கிறது, தெரு அதற்குப் பழகிவிட்டது. மிஞ்சியது ஹெட்போன். இரண்டு பாட்டையும் அதிலேயே கேட்டுப் பழகலாம், அதில் தாமதமில்லை. ஸ்வர்ணா அதையும் செய்து பார்த்தாள். சில நாள் கை அரை மூச்சு முந்தியது. சில நாள் முந்திவிடுமோ என்ற பயத்தில் பிந்தியது. எப்போதாவது சரியாக விழும். அப்போது அது தற்செயலா, கற்றதா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. பழைய பிசகாவது தவறாமல் ஒரே இடத்தில் விழுந்தது. இப்போது அந்த நிச்சயமும் போய்விட்டது. கிளெமென்டின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சீமந்தம், ஹல்தி என்று ஒவ்வொன்றாக வந்தன. ஓசூர்ப் பெண் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். கீழே ஆடுகிற யாருடைய காலும் தடுமாறவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எல்லம்மா வேலை முடிந்து உள்ளே வந்தாள். மகள் ஹெட்போனோடு மிக்ஸர் முன் நின்றிருந்தாள். வீட்டில் சத்தமே இல்லை.

எல்லம்மா தோளைத் தொட்டாள். "இன்னாடீ, பாட்டு போடலியா இன்னிக்கு?"

ஸ்வர்ணா ஒரு காதை மட்டும் விலக்கினாள். "போட்டுக்கிட்டுதாம்மா இருக்கேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"கேக்காதும்மா," என்று சொல்லிவிட்டு, காதை மறுபடி மூடிக்கொண்டாள்.