பத்துச்சீட்டு போன மூன்று நாட்கள்

பொருள் களவு போனால் மற்றவர்களுக்குக் கோபம் வரும். எனக்குப் பயம் வந்தது. திருடியவனே நான்தானோ என்று பார்த்தவர்கள் நினைக்கும் அளவுக்குக் கைகால் ஆடியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் மனைவி அந்த மூன்று நாட்களை எப்படிக் கடத்தினாள் என்று சொல்ல வேண்டுமானால், என் பயத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தேயிலை விலை விழுந்து தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்த காலம் அது. மாத்தளைப் பக்கம் நாங்கள் வேலை செய்த தோட்டத்தில் எங்கள் இருவர் பெயரையும் வெட்டிவிட்டார்கள். அவளுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். தோட்டத்துக் கிளாக்கர் ஐயா மனமிரங்கி, கம்பளைக்கு மேலே ஒரு தோட்டத்துக் கிளாக்கருக்குக் கடிதம் எழுதி, இரண்டு ஆளுக்கு இடம் பிடித்துத் தந்தார். அங்கே எங்கள் முகம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பத்துச்சீட்டைக் காட்டினால் போதும். ஒரு தோட்டத்திலிருந்து முறையாக விலகி வந்தவன் என்பதற்கு அந்தக் கடதாசிதான் சாட்சி. அது கையில் இல்லாதவனுக்கு வேலையும் கிடையாது, வரிசை வீடான லயத்தில் படுக்க ஒரு காம்பிரா அறையும் கிடையாது.

பேராதனைச் சந்தியில் ரயில் மாற இறங்கினோம். கம்பளைப் பக்கம் போகும் வண்டிக்கு நேரம் இருந்தது. மேடையில் எங்களைப் போலவே ஒரு புருஷனும் பெண்சாதியும், இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் என்ன பேசுவோம்? எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, இந்தியாவில் எந்த ஊர், அப்பா பேர் என்ன? அவன் கேட்டான். நான் ஒன்று விடாமல் சொன்னேன். போகிற தோட்டத்தையும் சொன்னேன். எல்லோரையும் விரட்டுகிற காலத்தில் எனக்கு மட்டும் இடம் கிடைத்த பெருமை தாங்காமல், பெட்டியைத் திறந்து சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்த சீட்டையும் எடுத்துக் காட்டினேன். மறுபடி பத்திரமாக உள்ளே வைத்தேன். தாங்கள் கொழும்புப் பக்கம் வேலை தேடிப் போவதாக அவன் சொன்னான்.

என் மனைவி குழாயடிக்குப் போனாள். நான் தேத்தண்ணி வாங்கப் போனேன். "பெட்டிய பார்த்துக்கங்க தம்பி" என்று அவனிடமே சொல்லிவிட்டுப் போனேன்.

தேத்தண்ணிக் கடையில் கூட்டம். இடையில் ஒரு வண்டி வந்து போனது. எங்கள் வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்ற நினைப்பில் நான் திரும்பியும் பார்க்கவில்லை. வந்து பார்த்தால் பெட்டியும் இல்லை, அவர்களும் இல்லை.

மேடையின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடினேன். சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வந்தவனைப் பிடித்து உள்ளே போட்டது என் அப்பா காலத்தில். எங்கள் காலத்தில் அப்படி இல்லை என்று சொன்னார்கள். ஆனாலும் மேடையில் நின்ற பொலிஸ்காரரைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பெட்டியைப் பறிகொடுத்தவன் பொலிசைக் கண்டு ஒளிந்த கதை என்று பிற்காலத்தில் அவள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அன்று அவள் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த தேத்தண்ணியை வாங்கி, மெதுவாகக் குடித்து முடித்தாள்.

"ஏங்க, ஓடாம நில்லுங்க. பொட்டியில என்னென்ன இருந்துச்சு, சொல்லுங்க."

"கூறைச்சேலை. சாமி படம். வெங்கலச் செம்பு. சீட்டு."

"சேலைக்காக எடுத்திருந்தா சீட்ட எங்கயாச்சும் வீசிருப்பாங்க. சீட்டுக்காகவே எடுத்திருந்தா?" என்றாள்.

அதுவரை எனக்குத் தோன்றாத ஒன்று அது. தோன்றியதும் பயம் இரட்டிப்பானது. அந்தக் கடதாசி கிடைத்தவன் நானாகிவிடலாம்.

மேடையில் கூடை வைத்திருந்த சிங்கள அம்மாவிடம் அவள் கைச்சாடையாலும் தெரிந்த இரண்டு சொல்லாலும் விசாரித்தாள். நான் திரும்பிப் பார்க்காத அந்த வண்டிதான் கம்பளை வண்டி, அவர்கள் அதில் ஏறிவிட்டார்கள் என்று தெரிந்தது. நேரே கம்பளைக்குப் போய்விடலாம் என்று நான் துடித்தேன். வெறுங்கையோடு போனால் யார் நம்புவார்கள் என்று கேட்டு, என்னை ஸ்டேஷன் மாஸ்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"உம்மட பெட்டிதானே களவு போனது? நீர் ஏன் காணும் நடுங்கிறீர்?" என்று கேட்டார். அவள்தான் எல்லாம் சொன்னாள். கடைசியில், "நாங்க வந்து சொன்னோம்னு தேதி போட்டு ஒரு கடதாசி வேணுங்கய்யா" என்றும் கேட்டாள். அவர் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார்.

"ஓம், எழுதித் தாறன். இரும் பிள்ளை."

அந்தக் கடதாசியோடு பழைய தோட்டத்துக்கே திரும்பினோம். அவளுடைய சின்னம்மா காம்பிராவில் தங்கினோம். மறுநாள் ஆபிஸ் வாசலில் காத்துக் கிடந்தோம். கிளாக்கர் ஐயா என்னைத் திட்டித் தீர்த்தார். "ஊரெல்லாம் காட்டுறதுக்கு அதென்ன கல்யாணப் பத்திரிகையாடா?" என்றார். அது நியாயமான கேள்விதான். திட்டி முடித்ததும் புதிய தோட்டத்துக்கு மறுபடி கடிதம் எழுதப் பேனாவை எடுத்தார். அவள் சும்மா இருக்கவில்லை. "ஐயா, இவர் இடது புருவத்துல தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு இருக்கு. அதையும் எழுதிருங்க. எனக்கு ஏழு மாசம்னும் எழுதிருங்க" என்றாள்.

மூன்றாம் நாள் கம்பளையில் இறங்கி மலை ஏறினோம். அவள் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள். அவர்கள் அங்கே இருக்கவே கூடாது, பெட்டி போனால் போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

புதிய தோட்டத்துக் கிளாக்கர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"இந்தப் பேர்ல புருசனும் பொஞ்சாதியும் முந்தாநாளே வந்து பதிஞ்சாச்சே. அவன் மலையில வேலை செய்யிறான், பொஞ்சாதி காம்பிராவில இருக்கா. இப்ப நீ யாரு?"

என் வாழ்க்கையில் எத்தனையோ கேள்விக்கு நான் பயந்திருக்கிறேன். அதைப் போல ஒரு கேள்விக்குப் பயந்ததில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் திருடனாகிவிட்டேன். அவள் இரண்டு கடதாசியையும் மேசையில் வைத்து, "படிச்சுப் பாருங்கய்யா" என்றாள்.

அவர்களைக் கூட்டிவர ஆள் போனது. வந்தது அதே ஆள்தான். குழந்தை அந்தப் பெண்ணின் இடுப்பில் தூங்கியது. கிளாக்கர் என்னையும் அவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டார். அப்பா பேர்? அவன் உடனே சொன்னான். இந்தியாவில் ஊர்? சொன்னான். பழைய கங்காணி? அதையும் சொன்னான். எல்லாம் என் வாயிலிருந்து போனவை. நான் என் சொந்த அப்பாவின் பெயரைத் திக்கித் திணறிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அவன்தான் நானாகத் தெரிந்திருப்பான். ஒரு நொடி எனக்கே அப்படித் தோன்றியது.

கிளாக்கர் எழுந்து வந்து, என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, புருவத்தைப் பார்த்தார். பிறகு அவன் புருவத்தைப் பார்த்தார்.

"பொலிசுக்கு ஆள் அனுப்புறேன்" என்றார்.

அவனை உதைக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆத்திரம். அப்போதுதான் அவன் கையைக் கவனித்தேன். தொடையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தான். அப்படியும் நடுங்கியது. மூன்று நாளாக என் கையும் அப்படித்தான் இருந்தது.

"பொலிசு வேணாங்கய்யா" என்றாள் என் மனைவி. "கோட்டு வாசல்ல போய் நிக்க என்னால முடியாது. எங்க பொட்டிய குடுத்தா போதும்." புண்ணியம் பாவம் என்று ஒன்றும் பேசவில்லை. அவளுக்குக் கால் வலித்தது.

பெட்டி வந்தது. கூறைச்சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. உடனே தோட்டத்தை விட்டு இறங்கச் சொல்லிவிட்டார்கள். என்னைக் கடக்கும்போது அவன் தலையைத் தூக்காமல், "மூணு தோட்டத்துல சீட்டு இல்லன்னு வெரட்டிட்டாங்கண்ணே" என்றான்.

எங்களுக்குக் கொடுத்த காம்பிரா அவர்கள் இரண்டு நாள் இருந்ததுதான். அடுப்பில் நெருப்பு இருந்தது. பானையில் சோறு பாதி வெந்திருந்தது. அவள் அந்தப் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், ரோட்டைப் பார்த்து நெடுநேரம் நின்றாள். அவர்களைக் காணவில்லை. திரும்பி வந்து பானையை அடுப்பில் வைத்து, இன்னொரு விறகைத் தள்ளினாள். அந்தச் சோற்றைத்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

மறுநாள் விடிந்ததும் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டார்கள். என் பெயர் வந்தது. நான் வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்து வேறொரு குரல் பதில் சொல்லும் என்று காத்து நின்றேன். கங்காணி இரண்டாம் தரமும் கூப்பிட்டார். பெண்கள் வரிசையிலிருந்து அவள் என்னை முறைத்தாள்.

"இருக்கேன்" என்றேன். அந்தத் தோட்டத்தில் பதினோரு வருடம் வேலை செய்தேன். ஒரு நாள்கூட முதல் தரம் கூப்பிட்டதும் என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை.