முனீஃபின் எட்டுப் பற்களும் ஒரு கோப்பைக் காப்பியும்

முனீஃப் சலாமா. பிறப்பு: 1974, ஜோர்டானின் இர்பித் நகரம். வேலை: வீடு வீடாகச் சென்று தண்ணீர் மீட்டர் பார்ப்பது. மனைவி இந்திஸார். மூத்த மகன் ஹம்தான் என்பதால் ஊரார் அவரை அபூ ஹம்தான் என்றே அழைப்பார்கள். 2021 பிப்ரவரியில் அவருடைய மேல்வரிசை முன்பற்கள் எட்டின் மீதும் பல் நிறப் பிசினால் ஆன மெல்லிய வெனீர் ஓடுகள் ஒட்டப்பட்டன.

சிறுவயதில் குடித்த கிணற்று நீரால் அவருடைய பற்களில் பழுப்பு ஏறியிருந்தது. வெனீருக்கு முன் எடுத்த எந்தப் புகைப்படத்திலும், திருமணப் படத்தில்கூட, அவர் வாய் திறந்து சிரித்ததில்லை.

வெனீர் வந்தபின் அவருடைய கட்டுப்பாடு கடுமையானது. தேநீர் குடித்த உடனே தண்ணீரால் வாய் கொப்பளிப்பார். மென்மையான பிரஷ், சொரசொரப்பில்லாத பற்பசை, ஆறு மாதத்திற்கு ஒருமுறை பல் டாக்டர் ருலாவிடம் மெருகு. சிகரெட்டை விட்டார். அதைவிடக் கடினமானது, மாலை நேரங்களில் குடும்பத்தோடு உட்கார்ந்து தர்ப்பூசணி விதை கொறிப்பதை விட்டது.

"என்னைக் கட்டிக்கிட்டு வந்தப்பகூட இவ்வளவு பத்திரமாப் பாத்துக்கலை" என்பார் இந்திஸார்.

"நீ காப்பி பட்டாக் கறுக்க மாட்டியே" என்பார் இவர்.

2022 அக்டோபரில் அவருடைய தங்கை மகன் நவ்ஃபலுக்காகப் பெண் கேட்க வேண்டியிருந்தது. பெண் தீமாவின் வீட்டார் இருமுறை தயங்கி, ஒருவழியாக ஜாஹாவுக்கு, அதாவது பெரியவர்கள் கூடிச் சென்று பெண் கேட்கும் சடங்குக்கு, வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை மாலை அந்தக் கவலையில் முனீஃபின் கை தானாக விதைத் தட்டுக்குப் போனது. ஒரு விதை கடித்தார். முன்பல் ஓட்டின் முனை பெயர்ந்தது.

வியாழன் மாலை டாக்டர் ருலா அதைச் சரிசெய்தார். "மெருகு சனிக்கிழமைதான் போடுவேன். அதுவரைக்கும் அது சொரசொரன்னுதான் இருக்கும், பட்ட சாயத்தை எல்லாம் உறிஞ்சிக்கும். காப்பி, டீ பக்கமே போகாதீங்க."

முனீஃப் கவலைப்படவில்லை. ஜாஹாவில் பெண் வீட்டார் தரும் காப்பியை எல்லார் முன்னும் குடிக்க வேண்டிய தலைவர் அவருடைய அண்ணன்தான். பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவன் குடித்தானா இல்லையா என்று யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு அண்ணன் ரத்த அழுத்தம் ஏறிப் படுத்துவிட்டார். தலைமை முனீஃபிடம் வந்தது.

தீமாவின் தாத்தா ஹாஜ் தைசீரின் கூடத்தில் இரு தரப்பு ஆண்களும் நிறைந்திருந்தார்கள். முனீஃபின் முன் கசப்புக் காப்பிக் கோப்பை வைக்கப்பட்டது. வழக்கப்படி அவர் அதைத் தொடாமல் பேசினார்.

"உங்க தீமாவை எங்க நவ்ஃபலுக்குக் கேட்டு வந்திருக்கோம், ஹாஜ். பதில் கிடைக்காம இந்தக் காப்பியைக் குடிக்க மாட்டோம்."

"கொடுத்தாச்சு. காப்பியைக் குடிங்க."

முனீஃப் கோப்பையை எடுத்து, மூடிய உதட்டில் ஒற்றி, கீழே வைத்தார். அது போதும் என்று எண்ணியிருந்தார். கோப்பையை வாங்க வந்தவர் உள்ளே பார்த்து, அப்படியே நின்றுவிட்டார். தைசீரும் எட்டிப் பார்த்தார்.

"அபூ ஹம்தான், எங்க காப்பியில குறையா? இல்ல, எங்க பொண்ணைப் பத்தி வெளியில எதுவும் கேட்டுட்டு வந்திருக்கீங்களா?"

நவ்ஃபலின் முகம் வெளிறியது. இரண்டுமுறை தயங்கிய வீடு அது. இன்னொரு முறை கதவு திறக்காது என்று முனீஃபுக்குத் தெரியும். தன் பற்கள் ஒட்டுப் போட்டவை என்று வெளியார் ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை.

"பொண்ணு தங்கம், ஹாஜ். என் பல்லுதான் பொய். இது மேல ஓடு ஒட்டியிருக்கு. நேத்துதான் ஒண்ணை ரிப்பேர் பண்ணினாங்க. காப்பி பட்டாக் கறையாயிடும்னு…"

தைசீர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "டேய், பசங்க ஜூஸ் டப்பாவுல இருந்து ஒரு ஸ்ட்ரா எடுத்துட்டு வாங்கடா! எத்தனையோ ஜாஹா பாத்துட்டேன், ஸ்ட்ரா வச்ச ஜாஹாவை இன்னிக்குத்தான் பாக்கப்போறேன்!"

உண்மையிலேயே ஒருவர் ஸ்ட்ராவை நீட்டினார். நவ்ஃபல் தலையைக் குனிந்துகொண்டான். முனீஃப் அதை ஒதுக்கிவிட்டுக் கோப்பையை எடுத்தார்.

"ஸ்ட்ராவுல குடிச்சா, நாளைக்கு இவன் புள்ளைங்ககூட என்னைக் கேலி பண்ணும், ஹாஜ்."

ஒரே மடக்கில் குடித்தார். கூடம் ஆரவாரித்தது. நவ்ஃபல் எழுந்துவந்து மாமனின் தோளில் முத்தமிட்டான். அப்போது எடுத்த படத்தில் முனீஃபின் வாய் நன்றாகத் திறந்திருக்கிறது. அந்த மகிழ்ச்சியில், போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை ஆட்டிக் கொடுக்க மறந்துவிட்டார். அவர்களும் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

சனிக்கிழமை டாக்டர் ருலா அந்த ஒற்றைப் பல்லைக் கண்ணாடியில் காட்டி, எத்தனை கோப்பை என்று கேட்டார்.

நான்கு.