காலி வகுப்பறையின் படம்

அந்த வகுப்பறை காலியாக இல்லை. அது தெரிந்தேதான் படம் எடுத்தேன். நீங்கள் கொதித்துப்போய்ப் பகிர்ந்தீர்களே... அந்தப் படத்தைத்தான் சொல்கிறேன்!

தருமபுரி நகரத்தைப் பற்றி வலைப்பூ எழுதுகிறவன் நான். சாக்கடை, தெருவிளக்கு, பேருந்து நிலையம்... எதிலும் ஒரு குற்றம் ஒளிந்திருக்கும், தேடினால் அகப்படும் என்பது என் சித்தாந்தம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். அந்தக் காமாலையை நான் பெருமையாக வளர்த்தேன்.

ஊர் ஓரத்து அரசுத் தொடக்கப் பள்ளிக்கு அன்று காலையில் போனேன். வகுப்பில் ஒருவரும் இல்லை. சுவரோரம் புத்தகப் பைகள் வரிசையாக இருந்தன. பின்பக்கமிருந்து தட்டுச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. காலைச் சிற்றுண்டி நேரம் அது. எனக்கா தெரியாது? முந்தின ஆண்டுவரை என் மகளும் அங்கேதானே படித்தாள்!

தலைமை ஆசிரியை கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"வாங்க சார்! புள்ளைங்க பின்னாடி சாப்புடுதுங்க. நீங்களும் ஒரு வாய் உப்புமா சாப்புடுங்க. பாப்பா நல்லாருக்குதுங்களா?"

என் மகளை எடுத்துப்போய் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டதைக் குத்திக் காட்டுகிறாரோ? இந்த உபசாரம் எதற்கு? எதை மறைக்கிறார்? அப்படித்தான் ஓடியது என் புத்தி.

"இல்லீங்க டீச்சர், அவசரமா போவோணும்" என்றேன். அவர் உள்ளே திரும்பியதும், பைகள் படத்தில் விழாதபடி ஒதுங்கி நின்று எடுத்தேன். 'பள்ளி திறந்து கிடக்கிறது. ஆசிரியரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை' என்று எழுதினேன்.

ஏன் செய்தேன்? அவர்மேல் எனக்கென்ன பகை? தினமும் காலையில் என் மகள், பழைய டீச்சர்தான் வேண்டுமென்று அழுதுகொண்டே வேனில் ஏறினாள். நான் செய்தது சரிதான் என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது... நீங்கள் சொன்னீர்கள்.

அவர் ஒரு பின்னூட்டம் அனுப்பினார். 'சார், வலது மூலையைப் பாருங்கள். ஒரு பையின் வார் தெரிகிறது. பிள்ளை இல்லாமல் பை மட்டும் எப்படி வரும்?'

பார்த்தேன். தெரிந்தது! நான் அனுமதித்தால்தான் பின்னூட்டம் உங்கள் கண்ணுக்கு வரும். வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் துடிக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதை அழித்தேன்.

சில வாரம் கழித்து, பள்ளிக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நல்லவேளை நீங்க எழுதுனீங்க சார். எம் பொண்ண அங்கேருந்து எடுத்துட்டனுங்க. என்ன, வேன் வெள்ளெனவே வந்துருது... வெறும் வயித்தோட ஏறிப் போவுது."

நீங்கள்தான் பள்ளிக்கு எதிரே இருக்கிறீர்களே, உள்ளே போய்ப் பார்த்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. டீயைக் குடித்தேன்.

ஒவ்வொருவராகப் பிள்ளைகளை எடுத்தார்கள். இந்த ஜூனில், மிச்சமிருந்தவர்களை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். லாரிகள் பறக்கும் சாலையை அந்தச் சின்னஞ்சிறுசுகள் கைகோத்துக் கடக்கின்றன. ஆனாலும்... அந்தப் பதிவை நான் இன்னும் நீக்கவில்லை. நீக்கினால் ஏன் என்று கேட்பீர்களே! இப்போது யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் தெரிந்துதான் சிரிக்கிறாரோ என்று தோன்றுகிறது.

நேற்று மகளை வண்டியில் அந்த வழியாக அழைத்துப் போனேன். கேட்டில் பூட்டு தொங்கியது.

"ஏம்ப்பா எங்க ஸ்கூல மூடிட்டாங்க?"

"புள்ளைங்க யாருமே வர்றதில்லயாம் கண்ணு."

அவள் நம்பிவிட்டாள்... உங்களைப் போலவே.