செபஸ்தியான் அண்ணனும் ஹீட்டர் வால்வும்

செபஸ்தியான் அண்ணன் இறந்துவிட்டார். காலையில் போன் வந்தது... அடக்கம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் தகர ஷெட் போட்டு கார் வேலை பார்த்தவர். தெரியாதவர்களுக்கு, எழுபதுகளின் கடைசியில் என் பச்சை நிற இங்கிலாந்து காரை ஓட வைத்த மெக்கானிக் என்று சொன்னால் போதும்.

கொடைக்கானலில் ஒரு எஸ்டேட்காரரிடம் வாங்கிய பழைய கார் அது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டுத்தான் என் பிழைப்பு ஓடியது.

அதில் ஹீட்டர் உண்டு. மதுரையில் ஹீட்டர்... சிரிக்காதீர்கள். கல்யாணம் முடிந்து கொடைக்கானல் போகிற ஜோடிகளிடம் அதைச் சொல்லித்தான் சவாரி பிடிப்பேன்.

இன்ஜினில் சூடாகிற தண்ணீர் டியூப் வழியாக டேஷ்போர்டுக்குக் கீழே வரும். அதைத் திறந்து மூட ஒரு சின்ன வால்வு. அது கசிய ஆரம்பித்தது. முன்சீட்டில் உட்காருகிறவர் காலில் சொட்டுச் சொட்டாகச் சுடுதண்ணீர்.

"ரெண்டு டியூப்பையும் ஒண்ணாச் சேத்துக் கட்டிருவோம் மாப்ள. இந்த ஊருல எவனுக்கு ஹீட்டரு வேணும்? அடிக்கிற வெயிலு பத்தலையா?"

"ஹீட்டர் இல்லாட்டி அது வெறும் ஓட்டக் காருண்ணே. எவன் வருவான்?"

அண்ணன் இன்ஜினை ஆற விட்டார். பிறகு வால்வைக் கழற்றினார். உள்ளே ரப்பர் நைந்து போயிருந்தது. அதற்கு ஸ்பேர் மதுரையிலும் கிடையாது, மெட்ராஸிலும் கிடையாது.

அரை நாள் உட்கார்ந்து ரப்பர் ஷீட்டைப் பிளேடால் வெட்டினார். மூன்றை வெட்டித் தூக்கிப் போட்டார். நாலாவதுதான் அவருக்குப் பிடித்தது.

"இன்னும் லேசாக் கசியும். ரப்பர் உக்காரணும். திங்கக்கிழமை கொண்டா, இன்னொரு முறுக்கு வக்கிறேன். அதுவரைக்கும் வண்டிய எடுக்காத."

அன்று சனிக்கிழமை. மறுநாள் எனக்கு அலங்காநல்லூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு இருந்தது. அவரிடம் சொல்லவில்லை.

லாரிக்காரர்கள் செய்கிற ஒரு வைத்தியம் உண்டு. ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டால் அது போய்க் கசிகிற இடத்தை அடைத்துக்கொள்ளும். வழியில் நின்ற வண்டியை ஊர் சேர்ப்பதற்கு, ஒரு கரண்டி.

நான் ஒரு பாக்கெட்டை அப்படியே கொட்டினேன். கசிவு நின்றது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஊர்வலம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும்... முன்னால் நாதஸ்வரம், பத்தடிக்கு ஒரு நிறுத்தம், வண்டி முதல் கியரைத் தாண்டாது. அன்று சாயங்காலம் இன்ஜின் கொதித்தது. மஞ்சள்தூள் ரேடியேட்டரையும் சேர்த்து அடைத்திருந்தது. போக வழியில்லாத கொதிநீர் வால்வைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

முன்சீட்டில் மாப்பிள்ளை. புது ஷூ கடிக்கிறது என்று கழற்றி வைத்திருந்தார்.

அவர் அலறியதில் மேளம் நின்றுபோனது. மறுநாள் காலில் கட்டோடு வந்து தாலி கட்டினார். கொப்புளம் ஆற ஒரு மாதம் ஆனது.

செவ்வாய்க்கிழமை பெண்ணின் தாய்மாமன் நாலு பேரோடு வந்தார். வண்டி அண்ணன் ஷெட்டில் நின்றது. நான் அண்ணனைக் கை காட்டினேன்.

"சனிக்கெழமதான் இவருகிட்ட வேலைக்கு விட்டேன்."

அண்ணன் வால்வைக் கழற்றினார். பக்கத்தில் நின்ற எனக்கு உள்ளே தெரிந்தது. மஞ்சள் மஞ்சளாகச் சேறு மாதிரி அப்பியிருந்தது.

ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். வேஸ்ட் துணியால் அதைத் துடைத்தார். துணியைச் சுருட்டிக் காக்கி டவுசர் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ரப்பர நாந்தான் சரியா வெட்டலங்க. தப்பு என்னுதுதான்."

தாய்மாமன் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம், அந்த வண்டியை விட்டால் வேறு கதி இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனாலா... நான் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு கல்யாண வண்டிக்காரர்கள் அவர் ஷெட் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். என் வண்டியை மட்டும் ஒன்பது வருடம் அவர்தான் பார்த்தார்.

அதைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "ரேடியேட்டர் மூடிய இனிமே நீ தொறக்காத. தண்ணி ஊத்தணும்னா இங்க வா."

தினமும் காலையில் போவேன். அவரே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். டீ வரும். குடிப்போம். எந்தக் காலையிலும் சொல்லியிருக்கலாம். கோழை நான்.

இன்று அவர் வீட்டில் மகள் ரோஸ்லின் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உறவுக்காரர்களிடம் காட்டினாள்.

"ஆயுசுல ஒரே ஒரு வேலதான் தப்பாப் போச்சுன்னு அப்பா சொல்லுவாரு. இவுக வண்டியிலதான். அம்புட்டு நடந்தும் இவுக அப்பாவ விட்டுட்டு வேற மெக்கானிக்ட்ட போகல."

எல்லோரும் என்னை நன்றியோடு பார்த்தார்கள். ஒரு பெரியவர் கும்பிட்டார். பெட்டிக்குள் அண்ணன் படுத்திருந்தார். அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை.

கமெண்ட்டில் யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

ரோஸ்லின், நீ இதைப் படிப்பாய். அப்பா வெட்டிய ரப்பரில் ஒரு குறையும் இல்லை. மஞ்சள்தூள் போட்டது நான். அது அப்பாவுக்குத் தெரியும். நாளைக்கு வருகிறேன். அம்மாவுக்கு எதிரில் நின்று என் வாயாலேயே சொல்கிறேன்.

போயிட்டு வாங்கண்ணே...